முந்திரி மரத்துக்கு ஜாமீன்

முந்திரிப்பருப்பை வாயில் போடுவது ஒரு வேலையே இல்லை. கை நீட்டினால் யாராவது கொடுப்பார்கள், ரெண்டு கடி, தீர்ந்தது. அது ஓட்டைவிட்டு வெளியே வருகிற பாடுதான் பாடு. முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள்ளே கறுப்பாக ஒரு எண்ணெய் இருக்கிறது. தோலில் பட்டால் அடுப்பிலிருந்து தெறித்த மாதிரி கொப்பளம் போட்டுவிடும். அதனால்தான் கொட்டை உடைக்கிறவர்கள் கை நிறையச் சாம்பலைப் பூசிக்கொண்டு உட்காருவார்கள். தின்கிற பொருளில் இவ்வளவு கோபக்காரப் பொருள் வேறு கிடையாது. இருக்கிறது என்கிறவர்கள் ஒரு மூட்டை உடைத்துவிட்டு வந்து சொல்லட்டும்.

அப்படி உடைக்கிறவர்களில் ஒருத்திக்குச் சாம்பல்கை என்று பேர். வீட்டில் வைத்த பேர் வேறு, அது அவளுக்கே மறந்துபோயிருக்கும். கொட்டகையில் எல்லோருக்கும்தான் சாம்பல் கை. ஆனால் மற்றவர்கள் வேலை முடிந்ததும் தேய்த்துக் கழுவிவிட்டுப் போவார்கள். இவள் மட்டும் இடுப்பில் ஒரு சின்னத் துணிப்பையில் சாம்பலை முடிந்துகொண்டே திரிவாள். கடைக்குப் போனாலும் அது கூட வரும், கல்யாண வீட்டுக்குப் போனாலும் அது கூட வரும். ஏன் என்று கேட்டால், "சில பேர் மூக்குப்பொடி டப்பி வச்சுக்கலையா? எனக்கு இது" என்பாள். அவள் கை கிள்ளாத கன்னம் அந்தத் தெருவில் எந்தக் குழந்தைக்கும் இல்லை. எந்தக் குழந்தையை அவள் கொஞ்சினாள் என்று அதன் கன்னத்துச் சாம்பலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கொட்டகை துறைமுகத்துக்குப் பின்னால், நீளமான தகரக் கூரையோடு இருந்தது. ஒரு முனையில் கொட்டை வறுக்கிற பெரிய இரும்பு உருளை. நடுவில் வரிசையாகக் குட்டைப் பலகைகள். ஒவ்வொரு பலகைக்கு முன்னாலும் ஒரு கல், ஒரு மரச்சுத்தி, ஒரு சாம்பல் தட்டு. கொட்டையைக் கல்லில் நிறுத்திப் பிடித்து, விளிம்பில் ஒரு தட்டு. கொஞ்சம் ஓங்கினால் பருப்பு நொறுங்கும், கொஞ்சம் மெதுவாகத் தட்டினால் ஓடு சிரிக்கும், திறக்காது. மறு முனையில் பருப்பின் மெல்லிய தோலை உரிக்கிற மேசை. வெளியே, வெயில் தடையில்லாமல் விழுகிற இடத்தில், பச்சைக் கொட்டையைக் காயப்போடுகிற களம்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்தக் கொட்டகையில் ஒருவரும் முந்திரி மரத்தைப் பார்த்தது கிடையாது.

உங்களுக்குச் சிரிப்பு வரும். நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அந்த ஊரில் முந்திரி மரமே இல்லை. கொட்டை கப்பலில் வரும், மூட்டை மூட்டையாக. எந்த மண்ணில் காய்த்தது, யார் குனிந்து பொறுக்கினார் என்று மூட்டை பேசாது. கையிலே படம் காட்டுகிற போனெல்லாம் அப்போது யாரிடமும் கிடையாது. பருப்பு அடைக்கிற அட்டைப்பெட்டியில்கூட உரித்த பருப்பைத்தான் வரைந்திருந்தார்கள். பிறந்த நாள் முதல் இந்தக் கொட்டையை உடைத்தே சோறு தின்ற ஜனங்கள், அது மரத்தில் எப்படித் தொங்கும் என்று மட்டும் தெரியாமல் இருந்தார்கள்.

தெரியாததால்தான் சண்டை சுவாரசியமாக இருந்தது. சாம்பல்கைக்குப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்திருப்பவளுக்கு லொடலொடா என்று பேர். சுத்தி நின்றாலும் அவள் வாய் நிற்காது.

"அக்கா, அது அவரைக்காய் மாதிரி வரிசையா தோலுக்குள்ள இருக்குமாம். கப்பல்காரர் ஒருத்தர் சொன்னாரு."

"கப்பல்காரர் கடலைப் பார்த்திருப்பாரு. மரத்தை எங்க பார்த்தாரு?"

"அப்ப நீங்க பார்த்தீங்களாக்கும்?"

"எங்கம்மா சொல்லியிருக்கா. மாங்கொட்டை மாம்பழத்துக்குள்ள இருக்குல்ல? இதுவும் கொட்டைதானே? பழத்துக்குள்ளதான் இருக்கும். கொட்டை வெளிய நிக்கிற பழம் உலகத்துல உண்டாடி?"

சாம்பல்கையின் அம்மா இதே பலகையில், இதே கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்தவள். பலகைக்குப் பின்னால் ஒரு தூண். சாம்பல்கை சிறு பெண்ணாக அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுவரும்போது, "அம்மா, இதோட மரம் எப்படி இருக்கும்?" என்று கேட்டு நச்சரிப்பாள். ஒரு நாள் தாங்க முடியாமல் அம்மா ஒரு கரித்துண்டை எடுத்துத் தூணில் வரைந்து காட்டினாள். உருண்டையாக ஒரு பழம். பழத்துக்குள்ளே வளைந்த கொட்டை, வயிற்றுக்குள் பிள்ளை சுருண்டிருக்கிற மாதிரி. "இப்படித்தான். போதுமா? இப்ப என்னை வேலை பார்க்க விடு."

அம்மா போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடிக்கிற ஒவ்வொரு தடவையும் சாம்பல்கை அந்தத் தூணுக்கு முன்னால் முதுகைக் கொடுத்து நின்றுகொள்வாள். "இதைத் தொட்டே, உன் வாளியைக் கவுத்துடுவேன்." சுண்ணாம்பு அடிக்கிறவர்கள் தூணில் அந்த ஒரு முழத்தை விட்டுவிட்டுச் சுற்றி அடிப்பார்கள்.

வேலை இல்லாத நேரத்தில் அவள் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். "இத்தனை பிள்ளையைத் தோலுரிச்சிருக்கேன். தாய் முகத்தை ஒரு நாள் பார்த்தேனா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

அவள் புருஷன் மூட்டை தூக்குகிறவர். கப்பலிலிருந்து லாரிக்கு, லாரியிலிருந்து கொட்டகைக்கு. ஒரு மழைக்காலத்தில் மூட்டை ஒன்று கொக்கி மாட்டிக் கிழிந்து, களத்தின் ஓரத்தில் கொஞ்சம் கொட்டை சிதறியது. பெருக்கி அள்ளினார்கள். ஒன்றே ஒன்று குழாயடிச் சுவரோரம் உருண்டு, ஈர மண்ணில் ஒளிந்துகொண்டது. வறுத்த கொட்டை என்றால் அங்கேயே செத்துக் கிடந்திருக்கும். இது வறுக்காதது, உயிருள்ளது.

மழை விட்ட பிறகு ஒரு காலை சாம்பல்கை கை கழுவக் குழாயடிக்குப் போனாள். சுவரோரம் ஒரு தண்டு எழும்பி நின்றது. அதன் தலையில், அவளுக்கு அத்துப்படியான அந்த வளைந்த ஓடு, தொப்பி மாதிரி. தொப்பி வெடித்து நடுவில் இரண்டு பச்சைக் கன்னம் எட்டிப் பார்த்தது.

"லொடலொடா! ஓடி வாடி! தானா உடைச்சிருக்குடி! சுத்தி இல்லாம உடைச்சிருக்கு!"

எல்லோரும் ஓடி வந்தார்கள். கடைசியில் மேஸ்திரி வந்தார். மேஸ்திரி நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். அவருக்கு உலகத்தில் ஒரே பகையாளி ஈரம். கொட்டை ஈரமாக இருந்தால் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை பிடித்தால் முதலாளி அவரைத்தான் பிடிப்பார். களத்தைச் சுற்றி ஒரு புல் முளைக்க விடமாட்டார்.

"பிடுங்கிப் போடுங்கக்கா. இது பெரிசானா களத்துல நிழல் விழும். நிழல்னா ஈரம்."

"மேஸ்திரி, இதைப் பிடுங்கினா என் கையையும் சேர்த்துப் பிடுங்குங்க."

"ஏன்க்கா காலங்காத்தால வம்பு?"

"காய்க்கட்டும். ஒரே ஒரு காய்ப்பு. நம்ம கொட்டை எப்படித் தொங்குதுன்னு நாமளும்தான் பார்ப்போமே."

"காய்க்கலைன்னா?"

"காய்க்கலைன்னா நானே வெட்டிப்போடுறேன். உங்களுக்கு ஒரு வேலையும் வேணாம். இந்தச் செடிக்கு நான் ஜாமீன்."

கொட்டகையே சிரித்தது. மேஸ்திரியும் சிரித்துவிட்டார். "சரிக்கா. நல்லாப் பழம் காய்ச்சா வச்சுக்கலாம். இல்லைன்னா உங்க கையாலேயே வெட்டணும். நாலு பேர் சாட்சி."

அன்றிலிருந்து சாம்பல்கைக்கு இன்னொரு வீடு வந்த மாதிரி ஆனது. கை கழுவின தண்ணீரில் ஓட்டெண்ணெய் இருக்கும் என்று அதை ஊற்ற மாட்டாள். தன் சாப்பாட்டுப் பாத்திரத்தில் நல்ல தண்ணீர் பிடித்து ஊற்றுவாள். ஆடு வரும் என்று கிழிந்த சாக்கைக் குச்சியில் கட்டி வேலி போட்டாள். வேலியை ஆடு தின்றது. அடுத்த வேலியைத் தகரத்தில் போட்டாள். செடி நெஞ்சளவு வந்தபோது ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தாள். மாவிலையைக் கசக்கின மாதிரியே ஒரு வாசம். அன்று முழுக்க அவள் கால் தரையில் படவில்லை.

"மோந்து பாருடி! மாமரத்துக்கு இது சித்தப்பன் பிள்ளை. எங்கம்மா சொன்னது சரிதானே?"

லொடலொடா முகர்ந்து பார்த்து முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டாள். அந்த வாசத்தை வைத்துச் சாம்பல்கை சொன்னது பொய்யும் இல்லை. முந்திரியும் மாமரமும் ஒரே குடும்பம்தான். ஆனால் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் ஒரே மாதிரி சட்டை போட வேண்டும் என்று சட்டமா என்ன?

வீட்டில் புருஷன் கேலி பண்ணுவார். "அடியே, எனக்குச் சோறு போட நேரமாகுது, அந்தச் செடிக்கு மட்டும் நேரத்துக்குத் தண்ணி."

"அது உன்னை மாதிரி குறட்டை விடுதா? பேசாம வளருது."

"மூட்டையைக் கிழிச்சது நான். அப்போ அது என் பிள்ளையும்தானே?"

"கிழிச்சதுக்குத் திட்டு வாங்கினே. அதோட உன் பங்கு முடிஞ்சுபோச்சு, போய்யா."

செடி மரமானது. மரம் என்றால் ஓங்கி நிற்கிற மரமில்லை, பக்கவாட்டில் கிளையைப் பரப்பிக்கொண்டு, குண்டாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்த மரம். பாதிக் கிளை களத்தின் பக்கம் நீண்டது, பாதி சுவரைத் தாண்டிப் பின்பக்கம் சாய்ந்தது. பின்பக்கத்தில்தான் உடைத்த ஓட்டைக் கொட்டிக் குவிக்கிற இடம், கால் வைத்தால் எண்ணெய் ஒட்டும். அந்தப் பக்கம் வேலை இல்லாமல் யாரும் போக மாட்டார்கள். களத்துப் பக்கத்து நிழலில் காய்ந்த கொட்டை கறுத்துப் போக ஆரம்பித்தது. மேஸ்திரி ஒரு கொட்டையைப் பல்லில் கடித்துப் பார்த்துத் தலையில் கை வைப்பார்.

"அக்கா, ஈரம்."

"பூ வரட்டும் மேஸ்திரி."

"அக்கா, முதலாளி களத்துக்கு சிமெண்ட் போடச் சொல்லிட்டாரு. சுவர் வரைக்கும். மழைக்கு முன்னாடி. மரத்தைச் சுத்தி சிமெண்ட் போட முடியாது. காய்ச்சதுன்னா நான் அவர்கிட்டப் பேசுறேன், காய்க்கிற மரத்தை வெட்ட மாட்டேன்னு அவரே சொல்வாரு. காய்க்காத மரத்துக்கு நான் என்னன்னு பேசுறது?"

அவர் அப்படிச் சொன்ன கொஞ்ச நாளிலேயே மரம் பூத்தது. கிளை நுனியில் கொத்துக் கொத்தாக, கொசு மாதிரி சின்னப் பூ, வெளிறின சிவப்பில் கோடு. கொட்டகையில் வறுக்கிற புகை நாற்றத்தையும் தாண்டி இனிப்பாக ஒரு வாசம் வந்தது. சாம்பல்கை எல்லோரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். தோல் உரிக்கிற மேசைக்காரிகள், உருளைக்காரர், லாரிக்காரர், ஒருத்தரையும் விடவில்லை.

பூ உதிர்ந்தது. காய் வந்தது. அங்கேதான் பிடித்தது சனியன்.

பூ இருந்த இடத்தில் வந்தது பழம் இல்லை. கொட்டை. வெறும் கொட்டை. பச்சையாக, விரல் நுனி அளவுக்கு, வளைந்து, ஒரு காம்பில் அம்மணமாகத் தொங்கியது. மேலே பழமும் இல்லை, சுற்றித் தோலும் இல்லை.

எல்லோரும் மரத்தடியில் கூடி அண்ணாந்து பார்த்தார்கள். லொடலொடாதான் ஆரம்பித்தாள்.

"பாவம், சட்டை போடாம வந்துடுச்சே."

"வறுக்கிற புகை பட்டுத்தான் இப்படி" என்றார் லாரிக்காரர்.

"மண்ணு சரியில்லை. ஓட்டெண்ணெய் இறங்கின மண்ணு" என்றார் உருளைக்காரர், புகைக்குத் தான் பொறுப்பில்லை என்று காட்ட.

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். "அக்கா, இது ஏதோ சீக்கு. பழமே இல்லாம கொட்டை வருமா? நீங்களே சொல்லுவீங்களே, கொட்டை வெளிய நிக்கிற பழம் உலகத்துல உண்டான்னு."

தான் சொன்ன வார்த்தையே தன் முன்னால் வந்து நின்றதும் சாம்பல்கைக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் விடுகிற ஆளா? "பழம் எதுக்கு மேஸ்திரி? நாம உடைக்கிறது கொட்டையைத்தானே? கொட்டை வந்திருக்கு. பெரிசாகட்டும், உடைச்சுக் காட்டுறேன். உள்ள பருப்பு இருந்தா சரிதானே?"

"பருப்பு இருந்தா நான் முதலாளிகிட்டப் பேசுறேன்" என்றார் அவர். அவருக்கும் அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

கொட்டை மளமளவென்று பெருத்தது. கப்பலில் வருகிற கொட்டையைவிடப் பெரிதாகவே ஆனது. சாம்பல்கை தினமும் அண்ணாந்து அளந்தாள். கொட்டைக்காரிக்குக் கொட்டை அளவு தெரியாதா? இதற்கு மேல் வளராது என்று அவள் கண் சொன்னது. கண் சொன்னது சரி. ஆனால் மரத்துக்கு இன்னும் வேலை பாக்கி இருந்தது, அது அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

சிமெண்ட் மூட்டை வந்து இறங்கிய அன்று அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏணியைச் சாத்தி ஏறி, களத்துப் பக்கம் தொங்கியதையெல்லாம் பறித்தாள். கை எட்டியதில் ஒன்றையும் விடவில்லை. மடி நிறையக் கட்டிக்கொண்டு ஓடி வந்து பலகையில் உட்கார்ந்தாள்.

"முந்திரிக்கொட்டை மாதிரி ஏன்க்கா முந்துறீங்க? இன்னும் நாலு நாள் விட்டிருக்கலாமே" என்றாள் லொடலொடா.

"நாலு நாள்ல சிமெண்ட் காய்ஞ்சு கல்லாயிடும்டி. கூப்பிடு மேஸ்திரியை."

மேஸ்திரி வந்தார். கொட்டகையே சுத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சூழ்ந்தது. சாம்பல்கை கொட்டையைக் கல்லில் நிறுத்தித் தட்டினாள். ஓடு வெடிக்கவில்லை, நசுங்கியது. பச்சைப் பால் பீய்ச்சி அவள் விரலிலும் மணிக்கட்டிலும் தெறித்தது. உள்ளே பருப்பு இருக்க வேண்டிய இடத்தில் கொழகொழவென்று, தண்ணீரில் ஊறின காகிதம் மாதிரி ஒன்று. இன்னொன்றைத் தட்டினாள். அதுவும் அப்படித்தான். இன்னொன்று, இன்னொன்று. அவள் கை நிற்கவில்லை.

"அக்கா, போதும்" என்றார் மேஸ்திரி மெல்ல. "அக்கா! கையைப் பாருங்க!"

அப்போதுதான் பார்த்தாள். விரல் எல்லாம் சிவந்து எழும்பிக்கொண்டிருந்தது. கல்யாண வீட்டுக்கும் சாம்பல் கட்டிக்கொண்டு போகிறவள், அந்த ஒரு நாள், அவசரத்தில், சாம்பல் பூசாமல் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் புருஷன் அவள் கையை மடியில் வைத்து எண்ணெய் தடவினார். கேலி எதுவும் வரவில்லை. அதுவே அவளுக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

"நான் வெட்டிடறேன். நீ அங்க வர வேணாம்" என்றார் அவர்.

"யாரு ஜாமீன் நின்னா?"

"அடியே, கையே வெந்து கிடக்கு."

"வெந்த கையாலேயே வெட்டுறேன். அதுக்குத் தண்ணி ஊத்தின கையைத் தவிர வேற ஆள் கை படக் கூடாது. நீ சும்மா இருய்யா."

பிடிவாதத்தில் அவளை அசைக்க ஆள் பிறக்கவில்லை என்று புருஷனுக்குத் தெரியும். கோடாலியை மட்டும் நன்றாகத் தீட்டிக் கொடுத்தார். கை ஆறுகிற வரைக்கும் மேஸ்திரி காத்திருந்தார். களத்தின் அந்தக் கோடியிலிருந்து சிமெண்ட் போடச் சொல்லி, சுவர்ப் பக்கத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார். "வேலை வரிசை அப்படித்தான்" என்று சொன்னார். அப்படி ஒரு வரிசை கிடையாது, எல்லோருக்கும் தெரியும்.

சிமெண்ட் மரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்ற அன்று காலையில் சாம்பல்கை கோடாலியோடு போனாள். கொட்டகையில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தலையைக் குனிந்து தட்டிக்கொண்டே இருந்தார்கள். சுத்திச் சத்தம் மட்டும் வழக்கத்தைவிட மெதுவாக விழுந்தது.

களத்துப் பக்கம் நின்று வெட்டினால் எல்லோருக்கும் தன் முகம் தெரியுமே என்று அவளுக்குத் தோன்றியது. அழுவதை நாலு பேர் பார்ப்பது அவளுக்கு ஆகாது. சுவரைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். ஓட்டுக் குவியலில் கால் ஒட்ட ஒட்ட நடந்து, சாய்ந்த கிளைக்குக் கீழே குனிந்தாள். முதல் வெட்டை எங்கே போடலாம் என்று இலையை விலக்கினாள்.

சிவப்பாக ஒன்று தொங்கியது.

மிளகாய்ச் சிவப்பு. கை நிறையப் பிடிக்கிற அளவு. மேலே குறுகி, கீழே பெருத்து, தோல் பளபளவென்று. அந்தப் பழத்துக்கு அடியில், வெளியே, வாலைச் சுருட்டி வைத்த மாதிரி, அவளுடைய கொட்டை. சாம்பல் நிறத்தில், கெட்டியாக, கப்பலில் வருகிற மாதிரியே.

அதற்குப் பக்கத்தில் இன்னொரு காம்பு. அதில் கொட்டை முற்றியிருந்தது, மேலே காம்பு மட்டும் கட்டைவிரல் அளவுக்கு வீங்கி மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. அதற்கும் மேலே ஒன்று, அதில் வெறும் பச்சைக் கொட்டை, அம்மணமாக.

அவள் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள். வெறும் கொட்டை, வீங்கின காம்பு, பழம். எந்தக் கப்பல்காரரும் அவளுக்குச் சொல்லவில்லை, மரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டது. கொட்டைதான் முதலில் பிறக்கிறது. பழம் அதற்கு அப்புறம், அவசரமே இல்லாமல், காம்பு ஊதிப் பெருத்து வருகிறது. மரத்துக்குச் சீக்கு இல்லை. பிள்ளைத்தாய்ச்சியைப் பத்து மாசம் ஆகிறதுக்குள் பெறச் சொல்லிப் பிடுங்கினது அவள்தான். களத்துப் பக்கம் கை எட்டியதையெல்லாம் பறித்தவள், எண்ணெய்க் குவியலுக்குப் பயந்து பின்பக்கம் வராததால் இந்தக் கிளை தப்பித்தது.

கோடாலியைக் கீழே போட்டாள். ஓட்டுக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். துணி பாழாகுமே என்ற நினைப்பு இல்லை. நல்லா அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, பறிக்கவில்லை, தொடக்கூட இல்லை, கத்தினாள்.

"லொடலொடா! எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா! மேஸ்திரியை முதல்ல!"

கோடாலி காலில் பட்டுவிட்டதோ என்று பதறி ஓடி வந்தார்கள். புருஷன் முதுகில் மூட்டையோடே வந்துவிட்டார். சாம்பல்கை கிளையைக் கையால் தூக்கிப் பிடித்தாள்.

மேஸ்திரி குனிந்து பழத்தைக் கீழிருந்து பார்த்தார். "தலைகீழா இருக்கேக்கா!"

"நாமதான் மேஸ்திரி தலைகீழா இருந்தோம்."

"கொட்டை வெளியில நிக்குது!"

"ஆமா, நிக்குது. முந்திக்கிட்டு வந்து நிக்குது, என்னை மாதிரி" என்றாள் சாம்பல்கை. லொடலொடா சிரிக்க ஆரம்பித்தாள், அவளைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். முந்திரிக்கொட்டை மாதிரி முந்தாதே என்று தலைமுறை தலைமுறையாகத் திட்டிக்கொண்டவர்கள், அது ஏன் என்று அன்றுதான் கண்ணால் பார்த்தார்கள்.

பழத்தை மேஸ்திரிதான் பறிக்க வேண்டும் என்று சாம்பல்கை நின்றாள். அவர் பூ மாதிரி பறித்தார். கொட்டையைத் திருகி எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு, பழத்தைக் கத்தியால் கீறி எல்லோருக்கும் ஒரு துண்டு. கடித்ததும் சாறு முழங்கை வரைக்கும் ஓடியது. முதலில் இனிப்பு, அடுத்து தொண்டையைச் சுரண்டுகிற மாதிரி ஒரு துவர்ப்பு.

"இதுக்காடி இத்தனை பாடு?" என்று இருமினார் புருஷன்.

"நல்லாயிருக்குன்னு சொல்லுய்யா."

"நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு. யாராவது தண்ணி கொடுங்க."

அந்தச் சாறு பட்ட கறை யார் துணியிலிருந்தும் கடைசிவரை போகவில்லை. முந்திரிப் பழத்தைத் தின்கிற பிள்ளைகள் பழைய சட்டை போட்டுக்கொண்டு தின்பது நல்லது.

பிறகு சாம்பல்கை இரண்டு கைக்கும் சாம்பலைப் பூசிக்கொண்டு, அந்த ஒரு கொட்டையைத் தனியாக வறுத்து, கல்லில் நிறுத்தி ஒரு தட்டுத் தட்டினாள். ஓடு இரண்டாகப் பிரிந்தது. பருப்பு முழுசாக, வெளுப்பாக, ஒரு கீறல் இல்லாமல் வந்தது. அதை அவள் தின்னவில்லை. மேஸ்திரியின் கையில் வைத்தாள்.

"முதலாளிகிட்டக் காட்டுங்க."

"காட்டுறேன்க்கா. ஆனா ஒண்ணு. களத்துப் பக்கக் கிளையை நான் கழிச்சுத்தான் ஆவேன். ஈரம் ஈரம்தான்."

சாம்பல்கை வாதாட வாயைத் திறந்தாள். பிறகு, அவள் வாழ்க்கையில் அபூர்வமாக, மூடிக்கொண்டாள். "கழிச்சுக்குங்க. பின்பக்கம் எனக்கு."

முதலாளி பருப்பைத் தின்றுவிட்டு, காய்க்கிற மரத்தை வெட்ட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். சிமெண்ட் சுவர் வரைக்கும் வந்து, மரத்தைக் கண்டு வளைந்து போனது. இன்றைக்கும் அந்தக் களத்தில் ஒரு மூலை மட்டும் கடித்த ரொட்டி மாதிரி இருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஏன் என்று கேட்டால், லொடலொடாவிடம் அனுப்புவார்கள். அவள் சொல்லி முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிடும்.

அன்று வேலை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு சாம்பல்கை தூணுக்கு முன்னால் நின்றாள். அம்மாவின் கரிக்கோடு, உருண்டைப் பழம், உள்ளே சுருண்ட கொட்டை. சட்டெனக் கையை நீட்டினாள், அழிக்க வேண்டும் என்று. சாம்பல் கையால் தேய்த்தால் ஒரு நொடி வேலை.

"அழிச்சுடாதடி" என்றார் பின்னாலிருந்து புருஷன். "உங்கம்மா போட்டது."

"தப்பா போட்டிருக்கா."

"பார்க்காமப் போட்டதுக்கு இவ்வளவாவது போட்டாளே."

அவள் நீட்டின கையை இழுத்துக்கொண்டாள். பிறகு வறுக்கிற உருளையின் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து வந்து, வட்டத்துக்குள் இருந்த கொட்டையை அப்படியே விட்டுவிட்டு, வட்டத்துக்குக் கீழே, வெளியே, இன்னொரு கொட்டையை வளைத்துப் போட்டாள். ரெண்டு கொட்டையோடு அந்தப் பழம் பார்க்க விநோதமாகத்தான் இருந்தது.

"இப்ப யாராவது பார்த்தா என்னன்னு நினைப்பாங்க?" என்றார் புருஷன்.

"உள்ள இருக்கிறது அம்மாவோடது. வெளிய இருக்கிறது என்னுது" என்று சொல்லிவிட்டு, கரி ஒட்டின விரலில் கொஞ்சம் சாம்பலைப் பூசிக்கொண்டாள். "கேட்கிறவங்க வெளிய போய் மரத்தைப் பார்த்துக்கட்டும்."